லெஸ்டர் சிட்டியின் வெற்றி: அற்புதமா, உழைப்பா?

காற்பந்து உலகில் மீண்டும் மீண்டும் சொல்லப்படும் கதைகளுள் ஒன்று, இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி குழு 2015/2016ஆம் பருவத்தில் பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்ற கதையாகும். பருவத்தின் தொடக்கத்தில் அக்குழுவின் வெற்றி வாய்ப்பைப் பந்தய நிறுவனங்கள் 5,000க்கு 1 என்று மதிப்பிட்டிருந்தன. ஒன்பது மாதங்கள் கழித்து, இரண்டாம் இடத்தில் வந்த ஆர்செனலைவிட 10 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று லெஸ்டர் வெற்றியாளரானது. அந்த வெற்றியைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் பயன்படுத்தும் சொல் 'அற்புதம்'.

கேட்பதற்கு அது பாராட்டுச் சொல்லாகவே தோன்றும். ஆயினும், எப்படி நடந்தது என்று விளக்க முடியாத ஒன்றைத்தான் அற்புதம் என்று கூறுவது வழக்கம். லெஸ்டரின் வெற்றி விளக்க முடியாத ஒன்றா? இல்லை. அந்த வெற்றிக்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டவும் முடியும். அவ்வாறு இருக்கும்போது அதனை அற்புதம் என்று சொல்லிக் கடந்து செல்வது, உழைத்தவர்களின் உழைப்பை மறைப்பதாகும். அது மட்டுமன்று, அந்த வெற்றியிலிருந்து பிறர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களையும் அச்சொல் மறைத்துவிடுகிறது.

லெஸ்டர், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைந்துள்ள ஒரு நகரம். அதன் காற்பந்துக் குழு 1884ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றில் அக்குழு ஒருமுறைகூட நாட்டின் முதல்நிலை லீக்கில் வெற்றி பெற்றதில்லை. 1928/1929ஆம் பருவத்தில் இரண்டாம் இடம் பெற்றதே அதன் உச்சமாக இருந்தது. 2008ஆம் ஆண்டில் அக்குழு மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. அங்கிருந்து மீண்டு, 2014ஆம் ஆண்டில்தான் மறுபடியும் பிரிமியர் லீக்கில் கால் பதித்தது.

மறுபுறம், பிரிமியர் லீக்கோ பெரிய குழுக்களின் கோட்டையாக விளங்கியது. 1995ஆம் ஆண்டுக்குப் பிறகு வந்த இருபது பருவங்களில் மான்செஸ்டர் யுனைடெட், ஆர்செனல், செல்சி, மான்செஸ்டர் சிட்டி ஆகிய நான்கு குழுக்கள் மட்டுமே கிண்ணத்தை வென்றிருந்தன. பெரிய குழுக்களிடம் பணம் இருந்தது. பணம் இருந்ததால் சிறந்த ஆட்டக்காரர்கள் வந்தனர். அவர்கள் வந்ததால் வெற்றி கிடைத்தது. வெற்றி மேலும் பணத்தைக் கொண்டுவந்தது. இந்தச் சுழலை உடைக்க எவராலும் இயலாது என்றே பலரும் நம்பினர். அந்த நம்பிக்கையின் காரணமாகவே லெஸ்டரின் வெற்றி அற்புதமாகத் தோன்றியது.

முதலில், அந்த 5,000க்கு 1 என்னும் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அது உண்மையான கணக்கு என்றால், லெஸ்டர் போன்ற ஒரு குழு வெல்வதைக் காண ஐயாயிரம் பருவங்கள் காத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் காற்பந்து லீக் தொடங்கியதே 1888ஆம் ஆண்டில்தான். ஆகவே, அந்த எண் எவரும் அமர்ந்து கணக்கிட்டுக் கண்ட விடையன்று. 'இக்குழு ஒருபோதும் வெல்லாது' என்னும் எண்ணத்துக்குக் கொடுக்கப்பட்ட ஓர் உருவமே. அந்த எண்ணத்தைக் கொண்டவர்கள் கண்முன் இருந்த ஒரு சான்றைக் கவனிக்கத் தவறிவிட்டனர்.

அந்தச் சான்று முந்தைய பருவத்திலேயே கிடைத்திருந்தது. 2014/2015ஆம் பருவத்தில் லெஸ்டர் 140 நாள்கள் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. 29 ஆட்டங்களின் முடிவில் அதனிடம் 19 புள்ளிகளே இருந்தன. இரண்டாம் நிலைக்குத் தள்ளப்படுவது உறுதி என்று அனைவரும் முடிவு கட்டினர். ஆனால், எஞ்சிய ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்று, ஒன்றில் சமநிலை கண்டு, அக்குழு 14ஆம் இடத்தில் பருவத்தை முடித்தது. அந்த ஒன்பது ஆட்டங்களில் அது பெற்றவை 22 புள்ளிகள். அதையும் அடுத்த பருவத்தின் 38 ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், 47 ஆட்டங்களில் லெஸ்டர் தோற்றது நான்கில் மட்டுமே. ஒரே இரவில் பெய்த மழையில் முளைத்த காளான் அன்று அந்த வெற்றி. அதன் விதை முன்பே ஊன்றப்பட்டிருந்தது.

நகர மக்கள் சிலர் இதற்கு வேறொரு காரணம் கூறுவர். 1485ஆம் ஆண்டில் போரில் இறந்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகள், 2012ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரத்து வாகன நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அவை லெஸ்டர் தேவாலயத்தில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன. அடுத்த வாரத்திலேயே குழு வெல்லத் தொடங்கியது. 'மன்னரின் ஆசி' என்று மக்கள் வேடிக்கையாகச் சொல்லி மகிழ்ந்தனர். வேடிக்கையாக இருக்கும்வரை அதில் தவறில்லை. ஆனால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காரணமும் விளைவுமாகக் கொள்ள முடியாது. மன்னர் பந்தை உதைக்கவில்லை, உதைத்தவர்கள் வேறு.

அவர்கள் யார் என்பதைப் பார்க்கும்போதுதான் வெற்றியின் முதல் காரணம் புலப்படும். ஜேமி வார்டி பதினாறு வயதில் ஒரு குழுவின் இளையர் அணியிலிருந்து நீக்கப்பட்டவர். பின்னர், மருத்துவத் துணைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, வாரத்துக்கு 30 பவுண்டு ஊதியத்தில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்னும் சிறு குழுவுக்கு ஆடினார். 2012ஆம் ஆண்டில் லெஸ்டர் அவரை 1 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. பிரிமியர் லீக்கில் அவர் முதன்முதலாக ஆடியபோது அவருக்கு வயது 27. அந்த வயதில் பல ஆட்டக்காரர்கள் தங்கள் உச்சத்தைத் தொட்டுவிட்டிருப்பார்கள். அவருக்கோ அப்போதுதான் கதவு திறந்தது. 2015ஆம் ஆண்டு நவம்பரில் அவர் தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்துப் புதிய சாதனை படைத்தார்.

ரியாத் மஹ்ரெஸ் பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர். உடல் மெலிந்தவர் என்பதால் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. லெஸ்டரின் ஆட்டக்காரர் தேர்வுப் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் வால்ஷ், லெ ஹாவ்ர் குழுவில் வேறோர் ஆட்டக்காரரைப் பார்க்கச் சென்றபோதுதான் மஹ்ரெஸின் திறமையைக் கண்டார். அரை மில்லியன் பவுண்டுக்கும் குறைவான தொகைக்கு அவர் லெஸ்டருக்கு வந்தார். 2015/2016ஆம் பருவத்தில் 17 கோல்கள் அடித்து, இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க நாட்டு ஆட்டக்காரர் அவரே.

மூன்றாமவர் எங்கோலோ கான்டே. 19 வயதுவரை பாரிஸ் புறநகரில் ஊதியமில்லாக் குழு ஒன்றில் ஆடியவர். உயரம் குறைந்த அவரால் இங்கிலாந்தின் முரட்டு ஆட்டத்தைத் தாங்க முடியுமா என்ற ஐயம் பயிற்றுநருக்கே இருந்தது. வால்ஷ் விடாமல் வற்புறுத்தியதால் அவர் வாங்கப்பட்டார், விலை 5.6 மில்லியன் பவுண்டு. அந்தப் பருவத்தில் எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பதிலும், எதிரணி கடத்தும் பந்தை இடைமறிப்பதிலும் லீக்கிலேயே முதலிடம் கான்டேவுக்குத்தான். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பதற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

இம்மூவரையும் வாங்க லெஸ்டர் செலவிட்ட மொத்தத் தொகை சுமார் 7 மில்லியன் பவுண்டு. அதே ஆண்டில் மான்செஸ்டர் சிட்டி, கெவின் டி பிரய்ன என்ற ஒரே ஆட்டக்காரருக்கு அளித்தது சுமார் 55 மில்லியன் பவுண்டு. எனவே, லெஸ்டரிடம் பணத்துக்கு ஈடாக இருந்தது பார்வை. மற்றவர்கள் 'வயது கடந்தவர்', 'மெலிந்தவர்', 'குள்ளமானவர்' என்று ஒதுக்கியவர்களிடம் உள்ள ஆற்றலை அது தேடிச் சென்று பார்த்தது. திறமையைத் தேடிக் கண்டுபிடிப்பது அற்புதமன்று. அது ஓர் உழைப்பு. அவ்வுழைப்பை மேற்கொண்டவர்கள் திடலில் தோன்றுவதில்லை என்பதால், அவர்களைப் பற்றிப் பேசுவோரும் குறைவு.

இரண்டாவது காரணம் பயிற்றுநரின் பதற்றமின்மை. 2015ஆம் ஆண்டு ஜூலையில் இத்தாலியரான கிளாடியோ ரனியேரி பயிற்றுநராக நியமிக்கப்பட்டபோது, வரவேற்றவர்களைவிட வியந்தவர்களே அதிகம். அவருக்கு வயது 63. எந்த நாட்டிலும் முதல்நிலை லீக் கிண்ணத்தை அவர் வென்றதில்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான், பேரோ தீவுகள் என்னும் மிகச் சிறிய நாட்டிடம் தோற்றதைத் தொடர்ந்து கிரேக்கத் தேசியக் குழுவின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அத்தகைய நிலையில் ஒருவர், தம் திறமையை நிரூபிக்க எல்லாவற்றையும் மாற்றியமைக்க முற்படுவது இயல்பு. ரனியேரி அவ்வாறு செய்யவில்லை. முந்தைய பயிற்றுநர் நைஜல் பியர்சன் உருவாக்கிய குழுவையும், அவருடைய துணைப் பயிற்றுநர்களையும் அப்படியே வைத்துக்கொண்டார். நன்றாக இயங்கும் ஒன்றைக் கலைக்காமல் விடுவதற்கும் தன்னடக்கம் தேவை.

அவர் தம் ஆட்டக்காரர்களுக்கு வைத்த இலக்கும் பெரியதன்று. '40 புள்ளிகள் பெற வேண்டும்' என்பதே அது. பொதுவாக, பிரிமியர் லீக்கில் நிலைத்திருக்க அந்த எண்ணிக்கை போதும். பட்டியலின் உச்சியில் இருந்தபோதும் அவர் கிண்ணத்தைப் பற்றிப் பேசாமல் அந்த இலக்கைப் பற்றியே பேசினார். 20 ஆட்டங்களின் முடிவில், 2016ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், அந்த 40 புள்ளிகள் கிடைத்துவிட்டன. அதன் பிறகே அடுத்த இலக்கு. எட்டாத உயரத்தை அண்ணாந்து பார்த்து மலைப்பதைவிட, அடுத்த படியைப் பார்த்துக் கால் வைப்பதே அவருடைய வழியாக இருந்தது.

மூன்றாவது காரணம், குறையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட பாங்கு. பருவத்தின் முதல் ஒன்பது ஆட்டங்களிலும் லெஸ்டர் கோல் விட்டுக்கொடுத்தது; மொத்தம் 17 கோல்கள். ஆர்செனலிடம் 5 - 2 எனத் தோற்றதும் அக்காலத்தில்தான். வெற்றிகள் வந்துகொண்டிருந்ததால் இந்தக் குறையைக் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். ரனியேரியோ, ஒரு கோலும் விடாமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் அனைவருக்கும் பீசா வாங்கித் தருவதாகக் கூறினார். பத்தாவது ஆட்டத்தில் கிறிஸ்டல் பேலசை 1 - 0 என வென்றபோது அது நிறைவேறியது. அவர் ஆட்டக்காரர்களை ஒரு பீசா கடைக்கு அழைத்துச் சென்றார். ஆனால், அங்கு மாவு பிசைந்து பீசாவைச் செய்தவர்கள் ஆட்டக்காரர்களே. உழைத்தால்தான் பீசாவும் கிடைக்கும் என்பதை அவர் சிரித்துக்கொண்டே உணர்த்தினார்.

அதன் பின் நிகழ்ந்ததை எண்களே கூறும். பருவம் முழுவதும் லெஸ்டர் விட்ட கோல்கள் 36. முதல் ஒன்பது ஆட்டங்களில் 17 என்றால், எஞ்சிய 29 ஆட்டங்களில் 19 மட்டுமே. மார்ச், ஏப்ரல் மாதங்களில் அக்குழு தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் 1 - 0 என்ற கோல் கணக்கிலேயே வென்றது. அணித்தலைவர் வெஸ் மோர்கன் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடமும் வெளியேறாமல் ஆடினார். கோல் காவலர் கஸ்பர் ஸ்மைக்கலும் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. கண்ணைக் கவரும் கோல்களே மக்களின் நினைவில் நிற்கும். ஆயினும் கிண்ணத்தை உறுதிசெய்தவை, விழாமல் தடுக்கப்பட்ட கோல்களே.

ஒரு குழுவின் உண்மையான தன்மை அது தோற்ற பிறகே தெரியும். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஆர்செனலுக்கு எதிரான ஆட்டத்தில், ஓர் ஆட்டக்காரரைச் சிவப்பு அட்டைக்கு இழந்த லெஸ்டர், கூடுதல் நேரத்தின் இறுதி நொடிகளில் விழுந்த கோலால் 2 - 1 எனத் தோற்றது. ஐந்து புள்ளிகளாக இருந்த முன்னிலை இரண்டாகச் சுருங்கியது. 'இனி இக்குழு சரிந்துவிடும்' என்று பலர் எழுதினர். அந்நிலையில் வேறு பயிற்றுநராக இருந்தால் பயிற்சியை இரட்டிப்பாக்கியிருப்பார். ரனியேரி தம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வார விடுமுறை அளித்தார். ஓய்வெடுத்துத் திரும்பியவர்கள், அடுத்து வந்த நார்விச் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் 89ஆம் நிமிடத்தில் கோல் அடித்து வென்றனர். அந்தத் தோல்விக்குப் பிறகு அப்பருவத்தில் லெஸ்டர் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பது இங்கு மெய்யானது.

இந்த வெற்றி ஒருவரை மட்டும் நம்பியதும் அன்று. ஏப்ரல் மாதத்தில், கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, வார்டி சிவப்பு அட்டை பெற்று ஆடத் தடை செய்யப்பட்டார். அவர் இல்லாமல் லெஸ்டரால் கோல் அடிக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அடுத்த ஆட்டத்தில் ஸ்வான்சி சிட்டியை அக்குழு 4 - 0 என வென்றது. வார்டியின் இடத்தில் களமிறங்கிய லியோனார்டோ உயோவா அவற்றுள் இரண்டு கோல்களை அடித்தார். பருவத்தின் பெரும்பகுதியை மாற்று ஆட்டக்காரராக அமர்ந்து கழித்தவர் அவர். வாய்ப்பு வரும் நாள் எதுவென்று தெரியாதபோதும் ஆயத்தமாக இருந்தார் என்பதே அவருடைய பெருமை.

இவ்வளவும் உண்மையாயினும், மறுதரப்பினரின் கருத்தையும் கேட்பது முறையாகும். 'லெஸ்டர் வென்றதற்குப் பெரிய குழுக்களின் சறுக்கலே காரணம்' என்பர் சிலர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. முந்தைய பருவத்தின் வெற்றியாளரான செல்சி அந்த ஆண்டு 10ஆம் இடத்தில் முடித்தது. டிசம்பரில் லெஸ்டரிடம் தோற்ற சில நாள்களில் அதன் பயிற்றுநர் ஜோசே மொரின்யோ பதவி இழந்தார். மான்செஸ்டரின் இரு குழுக்களும் 66 புள்ளிகளோடு நின்றுவிட்டன. லெஸ்டர் பெற்ற 81 புள்ளிகள், வேறு சில பருவங்களில் இரண்டாம் இடத்துக்கே போதுமானவையாக இருந்திருக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அந்த ஆண்டில் பல யானைகள் ஒன்றாகச் சறுக்கின.

மேலும், லெஸ்டருக்கு ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகள் எவையும் இல்லை. உள்நாட்டுக் கிண்ணப் போட்டிகளிலிருந்தும் அது விரைவில் வெளியேறியது. அதனால் பருவம் முழுவதும் அது ஆடியவை 43 ஆட்டங்களே. ஆட்டக்காரர்கள் காயமடைவதும் குறைவாக இருந்தது. இவற்றையெல்லாம் அதிர்ஷ்டம் என்று அழைத்தால் மறுப்பதற்கில்லை.

ஆனால், இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய குழுக்கள் சறுக்கியது லெஸ்டருக்கு மட்டும் கிடைத்த வாய்ப்பன்று. அந்த வாய்ப்பு லீக்கில் இருந்த அனைத்துக் குழுக்களுக்கும் பொதுவாகவே திறந்திருந்தது. ஐரோப்பியப் போட்டிகளில் ஆடாத குழுக்களும் பல இருந்தன. அவற்றுள் ஒன்று மட்டுமே அந்தக் கதவின் வழியே நுழைந்தது. காற்று எல்லாக் களத்துக்கும் வீசியது. தூற்றுவதற்கு நெல்லை அடித்து வைத்திருந்தவர் லெஸ்டர். அது மட்டுமன்று, பிப்ரவரி 6ஆம் நாள் மான்செஸ்டர் சிட்டியை அதன் சொந்த அரங்கத்திலேயே 3 - 1 என வென்றபோது, லெஸ்டர் பிறர் தாமாகச் சறுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான மற்றொரு கருத்தும் உண்டு. 'உழைத்தால் போதும், யார் வேண்டுமானாலும் லெஸ்டரைப் போல வெல்லலாம்' என்பது அது. மேடைப் பேச்சுக்கு இது பொருத்தமாக இருக்கும், உண்மைக்குப் பொருந்தாது. அடுத்த பருவத்தில் பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள், அதே பயிற்றுநர். அவர்கள் திடீரெனச் சோம்பேறிகளாகிவிடவில்லை. ஆயினும் கான்டே செல்சிக்குச் சென்றுவிட்டார். எதிரணிகள் லெஸ்டரின் ஆட்டமுறையைப் புரிந்துகொண்டன. ஐரோப்பியப் போட்டிகளின் சுமையும் கூடியது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில், கிண்ணத்தை வென்று ஒன்பது மாதங்களே ஆன நிலையில், ரனியேரி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். குழு 12ஆம் இடத்தில் முடித்தது. அதே பருவத்தில் கான்டே செல்சியோடு மீண்டும் கிண்ணம் வென்றார். உழைப்பு வெற்றிக்கு இன்றியமையாதது; ஆனால், அது மட்டுமே வெற்றியை உறுதிசெய்யாது என்பதை இது காட்டுகிறது.

உழைப்பைத் தவிர வேறு என்ன தேவை? இங்கே பலரும் பேசாத ஒரு காரணத்தைக் குறிப்பிட வேண்டும். பிரிமியர் லீக்கின் வருவாய் பகிரப்பட்ட முறையே அது. அக்காலத்தில் உள்நாட்டு ஒளிபரப்பு வருவாயில் பாதி, 20 குழுக்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. எஞ்சிய பாதியில் ஒரு பகுதி குழு பெற்ற இடத்தையும், மற்றொரு பகுதி நேரடியாக ஒளிபரப்பான ஆட்டங்களின் எண்ணிக்கையையும் பொறுத்து அளிக்கப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து வந்த ஒளிபரப்பு வருவாயோ அனைவருக்கும் சமமாகப் பகிரப்பட்டது. தென்கிழக்காசியாவில் நள்ளிரவில் கண்விழித்துப் பெரிய குழுக்களின் ஆட்டத்தைப் பார்த்த இரசிகர்கள் செலுத்திய கட்டணத்திலும் லெஸ்டருக்கு ஒரு பங்கு சென்றது. அந்தப் பங்கு, பெரிய குழுக்களோடு போட்டியிட்டுப் பணத்தை வாரி இறைக்கப் போதாது. ஆனால், நல்ல ஆட்டக்காரர்களைத் தேடவும், தேடிக் கண்டவர்களைக் காக்கவும் போதும்.

லெஸ்டரின் உரிமையாளரான தாய்லாந்துத் தொழிலதிபர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபாவும் வறியவர் அல்லர். 2010ஆம் ஆண்டில் அவருடைய தரப்பினர் குழுவை வாங்கியதிலிருந்து, அதன் வளர்ச்சிக்குப் பெருந்தொகை செலவிடப்பட்டது. ஆகவே, லெஸ்டரை வெறுங்கையோடு வந்து வென்ற ஏழையாகச் சித்திரிப்பதும் பொருந்தாது. போட்டியில் நிற்பதற்கு வேண்டிய அளவு அதனிடம் இருந்தது. வெல்வதற்கு வேண்டியதை அது தானே உருவாக்கிக்கொண்டது. கடைசியில் நிற்பவர் எவருக்கும் எழுந்து நிற்க ஓரிடம் கொடுக்கப்பட்டால்தான், அவருடைய உழைப்பு பயன் தரும். பகிர்வு முறை நியாயமாக இருந்தால் போட்டியும் உயிரோடு இருக்கும் என்பது காற்பந்துக்கு மட்டும் உரிய உண்மையன்று.

2016ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், செல்சிக்கு எதிராக 2 - 0 என முன்னணியில் இருந்த டோட்டன்ஹம் குழு 2 - 2 எனச் சமநிலை கண்டதும், லெஸ்டரின் வெற்றி உறுதியானது. அன்று லெஸ்டருக்கு ஆட்டமே இல்லை. வார்டியின் வீட்டில் கூடித் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள் துள்ளிக் குதித்த காட்சி உலகெங்கும் பரவியது. அக்காட்சியை மட்டும் பார்த்தவர்களுக்கு, அமர்ந்திருந்தவர்களின் மடியில் கிண்ணம் வந்து விழுந்ததைப் போலவே தோன்றும். அதற்கு முன் அவர்கள் ஆடிய 36 லீக் ஆட்டங்களையும் பார்த்தவர்களுக்கு அவ்வாறு தோன்றாது.

அதன் பிறகு லெஸ்டர் பல மேடு பள்ளங்களைக் கண்டது. 2018ஆம் ஆண்டு அக்டோபரில் அரங்கத்துக்கு வெளியே நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் விச்சாயும் மேலும் நால்வரும் உயிரிழந்தனர். 2021ஆம் ஆண்டில் குழு முதன்முறையாக எஃப்ஏ கிண்ணத்தை வென்றது. 2023ஆம் ஆண்டில் பிரிமியர் லீக்கிலிருந்தே வெளியேறியது. மறு ஆண்டே திரும்பி வந்து, 2025ஆம் ஆண்டில் மீண்டும் வெளியேறியது. ஏறியவர் இறங்குவதும் விளையாட்டின் இயல்பே. பிற்காலச் சரிவைக் காட்டி, அன்றைய வெற்றியை வெறும் அதிர்ஷ்டம் என்று குறைத்து மதிப்பிடுவது சரியாகாது. அறுவடை பொய்த்த ஆண்டு, முந்தைய ஆண்டின் விளைச்சலைப் பொய்யாக்கிவிடாது.

எனவே, லெஸ்டரின் வெற்றிக்கு 'அற்புதம்' என்னும் சொல் போதாது. அச்சொல் வியப்பைக் காட்டும்; காரணத்தைக் காட்டாது. வேலைக்குச் சென்றுகொண்டே பந்தாடியவரின் விடாமுயற்சியும், எவரும் பார்க்காத திடல்களில் திறமையைத் தேடியவரின் கண்ணும், மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றிய பயிற்றுநரின் நிதானமும், ஓராண்டு முழுவதும் ஆயத்தமாகக் காத்திருந்த மாற்று ஆட்டக்காரரின் பொறுமையும் ஒன்றுசேர்ந்த இடத்தில் வாய்ப்பும் வந்து நின்றது. இவற்றுள் வாய்ப்பு ஒன்றுதான் மனிதரின் கையில் இல்லாதது. மற்றவை அனைத்தும் யாரோ ஒருவர் நாள்தோறும் செய்த வேலை.

அடுத்த முறை எவரேனும் எதிர்பாராத வெற்றி ஒன்றைக் கண்டு 'அற்புதம்' என்று வியக்கும்போது, அந்த வியப்போடு நின்றுவிடாமல் 'இது எப்படி நடந்தது?' என்றும் கேட்க வேண்டும். வென்றவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை, அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே ஆகும்.